தட்டில் ஓடும் வாய்க்கால்

வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் என் அக்கா மகனுக்கு வேலை. வண்டிகளுக்குப் போகும் கறுப்புக் கறுப்பான பாகங்கள். அவற்றில் பாதி எங்கே போய் உட்காருகின்றன என்று அவனுக்கே தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், மேஜைமேல் கிடந்த எல்பி ரெக்கார்டை எடுத்தான். யார் பாடியது, எந்த ஊர்ப் பாட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். விளிம்பில் நகத்தை ஓட்டினான்.

"ஃப்ளாஷ் டிரிம் பண்ணது சரியில்ல மாமா. பிளேடு மழுங்கியிருக்கும்."

இன்னும் கொஞ்சம் சாய்த்தான். முதல் பாட்டு ஓடும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு. மற்ற இடமெல்லாம் பளபளக்க, அது மட்டும் தூசி படிந்த கண்ணாடிபோல இருந்தது.

"இங்க ஃபில் ஆவல. எங்க லைன்ல இதை ஷார்ட் ஷாட்னு ரிஜெக்ட்ல போட்ருவோம். இதை எவ்ளோக்கு வாங்கனீங்க?"

விலையைச் சொல்லவில்லை. அது ஒரு பழைய ராக் ஆல்பத்தின் 'ஆடியோஃபைல்' மறுபதிப்பு. கனமான அட்டை, 180 கிராம் தட்டு, மூல டேப்பிலிருந்து நேராக எடுத்தது என்று அட்டைமேல் பொன்னெழுத்து. வெளியிட்ட நிறுவனம் எது என்பது இங்கே வேண்டாம். அந்தத் திட்டு இருக்கும் இடத்தில் மூன்று வாரமாகத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊசியை மாற்றினேன், தட்டைக் கழுவினேன், ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன். பாட்டைக் கேட்காமலே இவன் அரை நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டான்.

ரெக்கார்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காதிலிருந்து தொடங்குவார்கள். வெதுவெதுப்பான ஒலி, உயிருள்ள ஒலி என்றெல்லாம் எழுதுவார்கள். இந்த அத்தியாயத்தை நான் அச்சிலிருந்து தொடங்குகிறேன். ரெக்கார்டும் ஒரு மோல்டிங் பீஸ்தான்.

வடகால் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வாய்க்கால் நினைவுக்கு வரும். கால் என்றால் வாய்க்கால். ஏரிகள் நிறைந்த இந்தச் சீமையில் ஊருக்கு வடக்கே ஓடிய கால் ஒன்று பெயராகியிருக்கலாம் என்பது என் சொந்தக் கற்பனை, ஊர்ப்பெயர் ஆராய்பவர்கள் திருத்தட்டும். ஆனால் ரெக்கார்டில் இருப்பது நிஜமாகவே ஒரு வாய்க்கால். பல வாய்க்கால்களும் அல்ல, ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவில் போய் முடிகிறது. 21 நிமிடம் ஓடும் பக்கத்தில் அது சுமார் 700 சுற்று சுற்றும். நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.12 மில்லிமீட்டர்தான், இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த அகலம்.

வாய்க்காலின் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்து 'வி' போல இருக்கும். இரண்டு கரைகளும் 45 டிகிரி சாய்வு. இடப்பக்க ஸ்பீக்கருக்கான அதிர்வு ஒரு கரையில், வலப்பக்க ஸ்பீக்கருக்கானது மறு கரையில். இந்த யோசனை 1931இலேயே ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியரின் காப்புரிமையில் இருக்கிறது. கடைக்கு ஸ்டீரியோ ரெக்கார்டு வர 1950களின் கடைசி ஆனது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி இருந்தால் ஊசி இடவலமாக ஆடும். இரண்டும் நேர்மாறாக இருந்தால் மேலும் கீழும் குதிக்கும். பேஸ் கிதாரையும் பெரிய டிரம்மையும் ஒரு மூலையில் தள்ளினால் ஊசி வாய்க்காலை விட்டே எகிறிவிடக்கூடும். பழைய எல்பிக்களில் அவை பெரும்பாலும் நடுவிலேயே நின்றதற்கு இசை ரசனையைவிட இந்த அச்சம்தான் பெரிய காரணம் என்பது என் அனுமானம்.

கரையில் பதிந்திருக்கும் நெளிவுகள் எவ்வளவு நுண்ணியவை? தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வாய்க்கால் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே போகப் போகச் சுற்றளவு சுருங்குகிறது, ஆனால் சுற்றும் நேரம் மாறவில்லை. கடைசிப் பாட்டுக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 21 சென்டிமீட்டர்தான். தாளத்தட்டின் சில்லென்ற ஒலியில் 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வு இருக்கிறது என்று வையுங்கள். அதன் ஒரு அலை வெளி விளிம்பில் 51 மைக்ரான் நீளம் படுத்திருக்கும். உள்ளே 21 மைக்ரானுக்குள் குறுகிப் படுக்க வேண்டும். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே 18 மைக்ரான். குறுகிய சந்தில் லாரி திரும்புகிற கதை. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ' ஓசை சீறுவதற்குப் பாடகர் பொறுப்பில்லை.

இதனால்தான் விலை கூடிய மறுபதிப்புகள் ஒரே ஆல்பத்தை இரண்டு தட்டில் பிரித்து, 45 சுற்று வேகத்தில் வெட்டுகின்றன. வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அலைக்கும் அதே அளவு இடம் கூடுகிறது. பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும் என்பது வேறு விஷயம். என் வீட்டில் இதைப் பற்றி ஏற்கனவே பேச்சு வாங்கியாகிவிட்டது.

இன்னொரு தந்திரம் எல்லாத் தட்டிலும் உண்டு. தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் நெளிவு அகன்று பக்கத்துச் சுற்றின் கரையை உடைத்துவிடும். உயர்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பிளாஸ்டிக்கின் சொந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் வெட்டும்போதே தாழ்ந்ததைப் பத்தில் ஒரு பங்காக ஒடுக்கி, உயர்ந்ததைப் பத்து மடங்கு உயர்த்துகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிப் போடுகிறது. 1954இல் அமெரிக்க ரெக்கார்டுத் தொழில் சங்கம் வகுத்த இந்த வளைவுதான் பின்னர் உலகெங்கும் நிலைத்தது. கொழுக்கட்டை அச்சில் மாவு தலைகீழாக உட்கார்ந்து நேராக வெளியே வருவதுபோல, ரெக்கார்டிலும் ஒலி திருகியபடி உட்கார்ந்து நேராக வெளியே வருகிறது.

அச்சு என்றதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதலில் ஓர் அலுமினியத் தட்டு. அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, நகப்பூச்சுக்கு நெருங்கிய சொந்தம். கடைசல் இயந்திரம் போன்ற ஒன்றில் அதை ஏற்றி, சூடான மாணிக்க ஊசியால் வாய்க்காலை வெட்டுகிறார்கள். வெட்டும்போது மயிரிழைபோல் சுருளும் சீவலை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு அந்தப் பூச்சின்மேல் வெள்ளிப் படலம், அதன்மேல் மின்முலாம் முறையில் நிக்கல். உரித்தெடுத்தால் நிக்கலில் வாய்க்காலுக்குப் பதில் வரப்பு நிற்கும். இதற்குத் தொழிலில் 'ஃபாதர்' என்று பெயர். அதிலிருந்து இன்னொரு நிக்கல் பிரதி எடுத்தால் மறுபடி வாய்க்கால், அது 'மதர்'. மதரிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர், மறுபடி வரப்பு. பிரஸ்ஸில் மாட்டுவது அதைத்தான். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் நிக்கல். ஒரு ஸ்டாம்பர் சில நூறிலிருந்து ஆயிரம் தட்டு வரை தாங்கும். பிறகு வரப்பின் முனை தேய்ந்துவிடும்.

இந்தப் பூச்சுத் தட்டைச் செய்யும் இடங்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன. கலிஃபோர்னியாவின் பானிங் ஊரிலிருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஒன்று, ஜப்பானில் ஒன்று. 2020 பிப்ரவரி 6 அன்று பானிங் ஆலை எரிந்து சாம்பலானது. மீண்டும் எழுந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலே ஒரே ஒரு ஜப்பானிய ஆலையை நம்பி நின்றது. ஒரு சப்ளையர் தும்மினால் அசெம்பிளி லைன் நிற்கும் என்பதை வண்டி ஆலைகள் நிறைந்த எங்கள் ஒரகடம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது பிரஸ். வினைல் குளோரைடு கோபாலிமர் குருணையை உருக்கி, சப்பாத்திமாவு உருண்டை அளவில் ஒரு கட்டியாகப் பிதுக்குவார்கள். மேலும் கீழும் லேபிள் காகிதம் வைத்து இரண்டு ஸ்டாம்பருக்கும் நடுவே போட்டு, சுமார் 100 டன் விசையில் அழுத்துவார்கள். அச்சுக்குள் முதலில் நீராவி, பிறகு குளிர்ந்த நீர். அரை நிமிடத்தில் தட்டு தயார். விளிம்பில் பிதுங்கி நிற்பதை வெட்டி எறிவார்கள். லேபிளுக்குப் பசை கிடையாது, சூட்டிலும் அழுத்தத்திலும் அதுவே பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும்.

"அப்போ இது இன்ஜெக்‌ஷன் இல்ல, கம்ப்ரஷன். டயர் மாதிரி," என்றான். சரிதான். டயரையும் பச்சை ரப்பராக அச்சுக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தித்தான் வார்க்கிறார்கள்.

"லேபிள் பேப்பர்ல ஈரம் இருந்தா?"

இந்தக் கேள்வியை என்னிடம் எந்த ரெக்கார்டு ரசிகரும் கேட்டதில்லை. ஈரம் இருந்தால் நீராவியாகிக் கொப்புளம் வரும், காகிதம் கிழியும். அதனால் லேபிள்களை முன்கூட்டியே அடுப்பில் வாட்டுகிறார்கள் என்றேன். அவனுக்கு மகிழ்ச்சி. அவர்கள் குருணையை ஹாப்பர் டிரையரில் மணிக்கணக்கில் காயவைத்த பிறகுதான் மெஷினில் கொட்டுவார்களாம். இல்லாவிட்டால் பீஸில் வெள்ளிக் கோடு ஓடும்.

ஷார்ட் ஷாட் என்று அவன் சொன்னதை ரெக்கார்டுக்காரர்கள் நான்-ஃபில் என்பார்கள். அச்சு போதிய சூடு இல்லை, அல்லது நீராவி நின்று குளிர்நீர் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் வரப்பின் இடுக்கு முழுக்க ஓடி நிரம்புவதற்குள் இறுகிவிடுகிறது. கரையில் நுண்ணிய பள்ளங்கள் மிஞ்சுகின்றன. ஊசி அந்தப் பள்ளங்களில் விழுந்து எழும் சத்தம்தான் என் துணி கிழியும் சத்தம். சைக்கிள் டைமை இரண்டு மூன்று விநாடி நீட்டினால் தவிர்த்திருக்கலாம். நீட்டினால் ஷிஃப்டுக்கு எத்தனை தட்டு குறையும் என்று கணக்குப் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். கனமான தட்டில் இந்த ஆபத்து கூடுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் சூடாகவும் ஆறவும் அதிக பிளாஸ்டிக்.

180 கிராம் என்ற பெருமையையும் இங்கேயே பேசிவிடலாம். சாதாரண எல்பி 140 கிராம் இருக்கும். வாய்க்காலின் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான். கனமான தட்டு கொஞ்சம் குறைவாக வளையலாம், கையில் எடுத்தால் காசு கொடுத்த திருப்தி வரும். ஒலி எடையில் இல்லை. கல்யாணப் பத்திரிகை கனத்தால் சாப்பாடு ருசிக்காது.

ஊசிமுனையில் நடப்பதைக் கணக்கிட்டால் பிளாஸ்டிக்மேல் மரியாதை வரும். ஊசியின் பாரம் 2 கிராம்தான். ஆனால் அது கரைகளைத் தொடும் பரப்பு சதுர மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அப்படியானால் அங்கே அழுத்தம் சுமார் 2,000 வளிமண்டலம், கார் டயருக்குள் அடைத்திருக்கும் காற்றைப்போல ஏறக்குறைய 900 மடங்கு. பிளாஸ்டிக் ஒரு கணம் அமுங்கி மறுபடி நிமிர்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இதே சோதனை.

நம் நாட்டில் ஒரு காலத்தில் கதை வேறு. 78 சுற்று ரெக்கார்டு பிளாஸ்டிக்கே இல்லை. மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு, அதோடு கல்தூள், கரி. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் சோட்டா நாக்பூர் காடுகளுக்குப் பெரும் பங்கு. 1902இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது, அச்சடிக்க ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1908இல் கல்கத்தாவின் சீல்டாவில் ஆலை வந்தது, பிறகு டம்டம்முக்குப் போனது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல் அந்தத் தொடக்கக் காலத்திலேயே தட்டேறியது. 1926இல் பத்து வயது எம்.எஸ். சுப்புலட்சுமி பதிவு கொடுத்தார். சென்னையில் ஏவி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. படம் எடுக்கும் ஏவிஎம் அதற்குப் பிறகுதான்.

அரக்குத் தட்டில் கல்தூள் எதற்கு என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. கெட்டியாக இருப்பதற்கு மட்டுமில்லை. எஃகு ஊசியை உரசித் தேய்த்து, வாய்க்காலுக்குப் பொருந்தும் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கும்தான். தட்டைவிட ஊசி வேகமாகத் தேய்ந்தது, பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றினார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்போல் கிடைக்கும். நீண்ட சினிமாப் பாட்டு தட்டுக்கு வரும்போது ஒரு சரணத்தை இழந்ததும், ஆலாபனை சுருங்கியதும் அதனால்தான்.

அதற்குப் பிறகு வந்த வினைலைத் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் வீட்டில் கேட்டதில்லை. மைக் செட்காரர் கேட்கவைத்தார். கல்யாண வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளேயர், பக்கத்தில் தகரப் பெட்டி நிறையச் சின்னத் தட்டுகள், தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர். அவர் ரெக்கார்டின் லேபிளைத் தொடாமல் விளிம்புகளை இரு உள்ளங்கைக்கு நடுவே பிடித்துத் திருப்புவதைச் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று திட்டுவதும், திருவிழா 'ரெக்கார்டு டான்ஸ்'சும் அந்தத் தகரப் பெட்டியிலிருந்து வந்தவை. ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் பாடல்களின் முன்னோடி என்று இன்றும் ரசிகர்கள் பேசும் 'ப்ரியா' 1978இல் வந்தது. ஆனால் ஊர்க் குழாய் ஸ்பீக்கருக்கு இடமும் வலமும் ஒன்றுதான். பின் கேசட் வந்தது, தட்டுகள் அட்டத்துக்குப் போயின. 2024இல் மும்பையில் மறுபடி ஓர் அழுத்தும் ஆலை ஓடத் தொடங்கியபோது, இந்தியாவில் நீராவியும் நிக்கலும் மீண்டும் சந்தித்தன.

இப்போது வேறொரு பிரச்சினை. தட்டைப் பிழையில்லாமல் வார்த்துவிடலாம். எதை வார்ப்பது?

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆண்கள் மினுமினுப்பும் கண்மையுமாக மேடையேறினார்கள்; அதற்குக் கிளாம் ராக் என்று பெயர். நியூயார்க்கில் ஐந்து பேர் அதே ஒப்பனையைப் போட்டுக்கொண்டு, ஆனால் பளபளப்பான இசைக்குப் பதில் சந்துச் சண்டைபோல வாசித்தார்கள். நியூயார்க் டால்ஸ். பின்னால் பங்க் என்று உலகம் அழைத்ததற்கு அவர்கள் வாசற்படி. இரண்டையும் சேர்த்துக் கிளாம் பங்க் என்பார்கள். 1973 ஜூலையில் மெர்குரி நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டையில் உதட்டுச்சாயமும் உயரச் செருப்புமாகச் சோபாவில் அமர்ந்திருப்பார்கள். அமெரிக்கா திடுக்கிட்டது. காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆண்களே பாஞ்சாலியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் திடுக்கிட ஒன்றுமில்லை. 'க்ரீம்' பத்திரிகை வாசகர்கள் அந்த ஆண்டின் சிறந்த புதுக் குழு, மோசமான புதுக் குழு இரண்டுக்கும் இவர்களையே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் டாட் ரன்ட்கிரன். ரெக்கார்டு பிளாண்ட் என்ற ஸ்டூடியோவில் எட்டு நாள், 17,000 டாலர் செலவு. கலவையை அரை நாளுக்குள் முடித்தார்கள். கிதார் வாசித்த ஜானி தண்டர்ஸுக்கு முடிவில் திருப்தியில்லை. கரகரப்பும் மோதலும் அவசரமுமே அதன் முகம். இப்படி ஓர் இரைச்சலை 45 சுற்றில் வெட்டி, தூசியில்லா அறையில் அழுத்தி, பட்டு உறையில் போட்டுக் கொடுக்கும்போது நாம் எதற்கு விசுவாசமாக இருக்கிறோம்?

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் தன் பாஷையில் கேட்டான்: "டிராயிங் எது மாமா?"

அவர்கள் லைனில் சண்டை வந்தால் டிராயிங்தான் நீதிபதி. அளவு, டாலரன்ஸ் எல்லாம் அதில் இருக்கும். முதலில் ஒப்புதல் வாங்கிய சாம்பிள் ஒன்றைக் கையெழுத்தோடு பூட்டி வைத்திருப்பார்கள். ரெக்கார்டில் அப்படி எதைச் சொல்வது? கலந்து முடித்த மாஸ்டர் டேப்பையா? 1973இல் மக்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்ட தட்டையா? அந்த இரண்டும் ஒன்றல்ல. நடுவில் தட்டு வெட்டியவர் ஒருவர் தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் குறைத்திருப்பார், ஏழை வீட்டு பிளேயரில் ஊசி குதிக்கக் கூடாதே என்று. அந்தக் குறைப்போடுதான் ஒரு தலைமுறை அந்தப் பாட்டைக் காதலித்தது.

இதைவிடச் சிக்கலான வழக்கு, அதே 1973இல் வந்த ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்'. கலக்க வந்த டேவிட் போவியின் கையில் கிடைத்தது 24 தடங்கள் கொண்ட டேப். அதில் நிரப்பியிருந்தது மூன்று தடங்கள்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்: குரல் ஒன்றில், முன்னணிக் கிதார் ஒன்றில், மற்ற மொத்தக் கச்சேரியும் மூன்றாவதில் மூட்டையாக. மூட்டையைப் பிரிக்க வழியில்லை. அவர் செய்த கலவை மெலிந்து வினோதமாக இருந்தது. பாடகர் இகி பாப் 1997இல் தானே மறுபடி கலந்தார், மீட்டர் முள் சிவப்பிலேயே ஒட்டிக்கிடக்கும் அளவுக்குச் சத்தமாக. பாடியவரே செய்ததுதானே டிராயிங்? பழைய ரசிகர்களில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அந்த மெலிந்ததின் பக்கம்தான். நியாயம் கேட்காதீர்கள், முதலில் அதைத்தான் கேட்டேன்.

நம் பழைய தட்டுகளுக்கு இந்தச் சண்டை போடக்கூட வழியில்லை. அச்சு உலோகம் போய்விட்ட 78க்கு, யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கும் தேய்ந்த தட்டே டிராயிங், அதுவே சாம்பிள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் அலமாரி அலமாரியாகச் சேர்த்ததன் அர்த்தம் அதுதான்.

டிராயிங்கைப் போலவே, எப்படிச் செய்வது என்று எழுதிவைக்கும் பிராசஸ் ஷீட்டும் முக்கியம் என்று 2022 ஜூலையில் உலக ஆடியோஃபைல்களுக்குத் தெரிந்தது. மூல டேப்பிலிருந்து நேரடியாக என்று நம்பி அவர்கள் கொண்டாடிய மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் பல தட்டுகளில், டேப்புக்கும் வெட்டும் ஊசிக்கும் நடுவே டிஜிட்டல் பிரதி ஒன்று இருந்தது, அதுவும் பல ஆண்டுகளாக. டிஜிட்டல் என்றாலே முகம் சுளித்த காதுகள் அத்தனையும் அந்தத் தட்டுகளைப் புகழ்ந்திருந்தன. வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. நல்ல டிஜிட்டல் பிரதி காதுக்குத் தெரியாது என்பதற்கு இதைவிடப் பெரிய குருட்டுச் சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் நடத்தியிருக்க முடியாது. ஆனாலும் கோபம் நியாயமானது. ஷீட்டில் ஒன்று எழுதி லைனில் வேறொன்று ஓட்டினால், பீஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பொய்தான்.

தட்டில் ஷீட்டின் நிழல் கொஞ்சம் உண்டு. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வெறும் பளபளப்பு வளையம் ஒன்று இருக்கும். அங்கே எண்களும் எழுத்துகளும் கீறியிருக்கும்: எந்த வெட்டு, சில சமயம் வெட்டியவரின் முதலெழுத்து. மருமகன் ஒரே பார்வையில் "பேட்ச் நம்பர்" என்றான்.

அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "ஓட்டை சென்டர்ல இல்ல மாமா" என்றான்.

எனக்குத் தோன்றியிருந்தது, சொல்லத் தெரியவில்லை. நீண்ட ஸ்வரம் வரும் இடங்களில் ஏதோ ஊஞ்சலாடியது. கணக்குப் போட்டோம். நடுவிலிருந்து 60 மில்லிமீட்டர் தூரத்தில் ஓடும் வாய்க்காலுக்கு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், வேகம் 0.83 சதவீதம் கூடிக் குறையும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5.9 சதவீதம், அதில் ஏழில் ஒரு பங்கு மேலே, ஏழில் ஒரு பங்கு கீழே, 1.8 விநாடிக்கு ஒருமுறை. கமகம் என்றால் பாடகர் வைத்தது. இது டிரில் வைத்தது.

வல்லம் வடகாலில் ஓடும் யமஹா ஆலையிலிருந்து வெளியே வரும் பைக்குகளின் சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் குறுக்கே நிற்கும். 1887இல் டொரகுசு யமஹா என்ற கைவினைஞர் பழுதான ஓர் ஆர்கனைச் சரிசெய்ததில் தொடங்கிய கம்பெனி அது, மோட்டார் பைக் 1955இல்தான். சுருதியின் முத்திரையைத் தினமும் கேட்டில் பார்த்துவிட்டு வருகிறவன் சுருதி பிசகை விடுவானா?

அரைவட்ட அரம் ஒன்றைத் தேடி எடுத்து, உருண்ட முதுகால் ஓட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் நான்கு தாடைச் சக்கில் டயல் வைத்து சென்டர் எடுப்பது சொல்லிக் கொடுப்பார்களே, அதே வேலை. டயலுக்குப் பதில் பிளேயரின் கை. பக்கத்தின் கடைசியில் வாய்க்கால் முடிந்து ஒரே வட்டமாக மூடிக்கொள்ளும் இடத்தில் ஊசியை வைத்தான். தட்டு சுற்ற, கை இடவலமாக மெல்ல ஆடியது. ஊசியைத் தூக்கினான், பென்சிலின் பின்முனையால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு, மறுபடி ஊசி. ஆட்டம் குறைந்தது. மறுபடி தூக்கி, இன்னும் மெதுவாக ஒரு தட்டு. ஐந்தாவதோ ஆறாவதோ முறை, கை சுவரில் அடித்த ஆணிபோல நின்றது.

காப்பி ஆறிப்போயிருந்தது. முதல் பாட்டுக்கு ஊசியை நகர்த்தினேன். நீண்ட ஸ்வரம் நேராக நின்றது. அவன் சோபாவிலேயே தூங்கிவிட்டான். மங்கல் திட்டு வரும்போது மட்டும், 1.8 விநாடிக்கு ஒருமுறை, துணி கிழிந்தது.